பின்சுவரில் ஒரு பென்சில் கோடு

பூண்டுலோயா பஜார், இலங்கை,
18.10.1962

ரத்னாவின் அப்பாவுக்கு,

அன்னம்மா வணக்கத்துடன் எழுதுவது. நானும் ரத்னாவும் சுகம். அங்கே உங்கள் தம்பி வீட்டில் எல்லோரும் நலமா? துறையூர் வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? ரத்னாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "அப்பா துறையூரில்" என்று சொல்வதற்குள் வாயெல்லாம் காற்று வருகிறது.

வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு அக்கரைக்கு வந்து சேரும்படி ஆவணியில் எழுதியிருந்தீர்கள். நான் பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. ஒரு நல்ல பதில் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். பொறுமையாக வாசியுங்கள்.

நீங்கள் சொன்னபடி முதலில் பக்கத்துக் கடைப் பெரியதம்பி முதலாளியைத்தான் கேட்டேன். அவர் பின்கட்டுக்கு வந்து, ஜன்னலுக்குக் கீழே ஓடும் வெடிப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மண்ணு சரியுது தங்கச்சி. அடுத்த மழைக்கு வீடு நிக்காது. மனைக்கு மட்டும் ஒரு வெலை போட்டுத் தர்றேன்" என்றார். வீடு சரியும் என்றால் அந்த மனை அவருக்கு எதற்கு? அவர் கடையும் இதே மேட்டில்தானே நிற்கிறது? இந்த இரண்டு கேள்வியும் என்னை விடவில்லை.

அதனால் அட்டன் டவுனுக்குப் போய் பேங்கில் விசாரித்தேன். வீட்டை ஈடு வைத்தால் மூன்று தையல் மிஷினும் துணியும் வாங்கக் கடன் கிடைக்குமாம். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் வீட்டை மதிப்பிட ஆள் வந்து பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் மேனேஜர்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். மதிப்பிட ஆள் வரும் நாள் காலையில் வெடிப்பின் மேல் முருகன் காலண்டரை மாட்டினேன். உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குத் திரை போட்டேன். வந்தவர் சோமபால என்ற சிங்களப் பெரியவர். கையில் நாடா, காதில் பென்சில். உள்ளே வந்ததும் முருகனைக் கும்பிட்டார், பிறகு காலண்டரைத் தூக்கிப் பார்த்தார்! எனக்கு முகம் எரிந்தது. அவர் கோபப்படவில்லை. "அம்மா, மறைச்சா எனக்குப் பயம். பயம் வந்தா வெலை நிறையக் கொறையும். காட்டுனா, ரிப்பேர் காசு மட்டும்தான் கொறையும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

அதற்குப் பிறகு நானே ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். கண்ணாடியைக் குறித்துக்கொண்டார். அடுப்படிப் புகைக்கறையையும் தேய்ந்த வாசற்படியையும் குறிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். ஆள் குடியிருக்கும் வீடு அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தார். கொல்லைப்புறம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. கூரைத் தண்ணீர் ஓடும் தகரப் பீலி அங்கே பிளந்து, தண்ணீர் முழுவதும் சுவரடியில்தான் விழுந்துகொண்டிருந்தது. நாலு வருஷமாக அதன் கீழே வாளி வைத்துத் துணி துவைத்தவள் நான். அது சுவரைத் தின்னும் என்று தோன்றவே இல்லை.

மறுபடி உள்ளே வந்து, வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். பீலியை மாற்றச் சொன்னார். ஐந்து வாரம் கழித்து வருவாராம். அதற்குள் வெடிப்பு கோட்டைத் தாண்டினால் வீடு நகர்கிறது, தாண்டாவிட்டால் சின்னச் சேதம்தான்.

தோட்டத்துப் பெக்டரியில் தகர வேலை செய்யும் வீரய்யா ஞாயிற்றுக்கிழமை வந்து புதுப் பீலி போட்டுத் தந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சுவரடியில் தண்ணீர் விலகி ஓட நானே மண்வெட்டியால் வாய்க்கால் போலக் கான் வெட்டிக் கல் பதித்தேன். உள்ளங்கை கொப்பளித்ததைப் பார்த்து ரத்னா ஊதி ஊதி விட்டாள்.

பிறகு மழை பிடித்தது, ஒன்பது நாள். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் சுவரைத்தான் போய்ப் பார்ப்பேன். ஏழாம் நாள், கீழ்க்கோட்டைத் தாண்டி மயிரிழை போல ஒன்று ஓடியிருந்தது. நீங்கள் சொன்னதே சரி, விற்றுவிட்டு வருகிறேன் என்று உங்களுக்குக் கடிதம் எழுதக்கூட உட்கார்ந்தேன். ஏதோ தோன்ற, எழுந்து போய் விரலால் தடவினேன். இழை விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கரி படிந்த சிலந்தி நூல்! நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து ரத்னா பயந்துபோனாள்.

போன திங்கட்கிழமை சோமபால மறுபடி வந்தார். கோட்டைப் பார்த்தார். வெடிப்பை ஒட்டிய பூச்சைச் சுரண்டி, உள்ளே கல் கட்டு அசையாமல் இருப்பதை என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். புத்தகத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "சின்னச் சேதம், திருத்தியாச்சு" என்று வாசித்துக் காட்டினார். கடன் தருவதாகப் பேங்கிலிருந்து நேற்றுக் கடிதம் வந்துவிட்டது.

நம் பலசரக்குக் கடையை நட்டத்தில் மூடியதற்கு நீங்கள் வெட்கப்படுவது எனக்குத் தெரியும். பஜாரில் யாரும் உங்களைக் குறைவாகப் பேசவில்லை. கடைச் சாவியை நான்தான் வைத்திருக்கிறேன், மிஷின்களை அங்கேதான் போட வேண்டும். துணி எடுக்கக் கொழும்புக்குப் போகவும், தோட்டங்களில் பேசி வேலை பிடிக்கவும் எனக்கு வராது. உங்களுக்கு வரும்.

வீடு என் அப்பா எனக்கு எழுதிவைத்தது என்றாலும், கணவரின் சம்மதக் கையெழுத்து வேண்டுமென்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதற்கு அவர் தந்த அச்சடித்த பாரத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சம்மதமில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், வேறு வழி தேடுவேன். வீட்டை மட்டும் விற்க மாட்டேன்.

சம்மதம் என்றால், கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பலாம். வந்து சேர எத்தனை நாளாகுமோ, வழியில் நனையுமோ தெரியாது. தலைமன்னார்க் கப்பலில் நீங்களே கையோடு கொண்டுவந்தால் பாரம் பத்திரமாக வந்து சேரும். நீங்கள் திரும்பி வருவதற்கான விசா மார்கழி கடைசிவரை செல்லும், பெட்டியில் இருக்கும் நகலில் தேதி பார்த்துவிட்டேன்.

தெய்வம் உங்களுக்குத் துணையிருக்கட்டும். இங்கே குளிர் கூடிவிட்டது, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

என்றும் உங்கள்,
அன்னம்மா