நிழல் விழும் பக்கம்

மவுண்ட் ஆல்பர்ட், ஒக்லாந்து
12.02.1998

அன்பின் அத்தானுக்கு,

நான் நல்ல சுகம். வெள்ளவத்தையில் உங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? விசா கிடைத்ததும் உடனே சொல்லுங்கோ.

புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பகிடி. திசை அறியும் பாடத்துக்காக, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை வெயிலுக்குக் கூட்டிப்போனேன். சாவகச்சேரியில் நீங்கள் தடியைப் பிடிக்க, நான் நிழலில் கோடு கீறுவேனே, அதே பாடம்தான். இங்கே பிடிக்க ஆளில்லை, நானே தடியை மண்ணில் குத்தினேன். நிழல் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மலையை நோக்கி விழுந்தது.

"நிழல் விழுகிற பக்கம் வடக்கு" என்றேன், பழகிய வாய்.

"இல்லை மிஸ், மலை இருக்கிற பக்கம் தெற்கு!" என்று ஒரு சின்னப்பெண் கத்தினாள். இந்த நாட்டில் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும் என்பதையே மறந்துபோனேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

எங்கள் ஊரில் இந்த மாதத்தில் மத்தியான நிழல் வடக்கே விழும் என்றால் ஒருவரும் நம்பவில்லை. அதனால் ஒரு மத்தியானம் வெயிலில் நின்று படம் எடுத்து அனுப்புங்கோ. பின்பக்கத்தில் திசையைக் குறித்துவிடுங்கோ. பாடத்துக்குத்தான் கேட்கிறேன்.

மணி அடிக்கிறது, ஓட வேண்டும். நிழல் மட்டும் போதுமென்று முகத்தை வெட்டிப்போடாதேங்கோ.

உங்கள்
தயாளினி