ஏழாம் நம்பர் ஸ்பூல்

8-7-1974, திங்கள்

காலையிலேயே வெயில். மேகம் வருகிறது, எட்டிப் பார்க்கிறது, போய்விடுகிறது. திருவள்ளூரில் வண்டி லேட். கையெழுத்துப் போடும்போது நூலகர் சார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பெரிய மனசு.

வாங்க: காப்பிப் பொடி. அம்மா முட்டிக்குத் தைலம். குடைக்குக் கம்பி.

நாள் முழுக்கப் பிரதி எடுக்கும் வேலை. கூட்டுச் சேமிப்புத் திட்டத்துக்கு ஒரு வருடம் ஆகப் போகிறது. நாலு பல்கலைக்கழக நூலகங்கள். ஆராய்ச்சிக்காக ஊர் ஊராய் அலைந்து சேர்த்த குறிப்பு, படம், பேச்சுப் பதிவு எல்லாம் ஒவ்வொரு புரொபசர் பீரோவிலும் கரையானுக்குப் போகாமல், நாலு இடத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். விதிகள் முக்கால்வாசி நான் எழுதியது. சார் கையெழுத்து மட்டும் போட்டார்.

ஒரு மிஷினில் ஓடவிட்டு இன்னொன்றில் பிடிக்க வேண்டும். அரை மணி டேப்புக்கு அரை மணி உட்கார்ந்தே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. பதினோராம் நம்பர் ஸ்பூல் ஓடும்போது தயிர்சாதம் சாப்பிட்டேன். உப்பு இல்லை.

இடுப்பு வலி. சீக்கிரம் படுக்கை.

10-7, புதன்

மத்தியானம் ஒரு மகளிர் கல்லூரியிலிருந்து மொழி வகுப்பு எடுக்கும் மிஸ் வந்தார். சின்ன வயசு, பட்டை வைத்த கைக்கடிகாரம், உற்சாகம். எங்கள் ஏழாம் நம்பர் ஸ்பூலை வேறொரு நூலகம் வழியாக வாங்கிப்போய் வகுப்பில் போட்டுக் காட்டினாராம். நன்றி சொல்ல வந்திருக்கிறார். இந்த ஒரு வருடத்தில் நன்றி சொல்ல வந்த முதல் ஆள். எனக்கு வாயெல்லாம் பல்.

"எங்க பொண்ணுங்க மொதல்ல சிரிச்சாங்க மேடம். டேப்புல அந்தம்மா 'இன்னா'ன்னு ஆரம்பிச்சாலே சிரிப்பு. அப்புறம் கடைசில பொண்ணப் பத்திப் பேசறாங்க பாருங்க, கிளாஸே கப்சிப். ஒரு பொண்ணு எழுந்து வெளியவே போயிட்டா."

யார் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஸ்டெல்லான்னு ஹாஸ்டல் பொண்ணு. எளாவூரோ என்னவோ. அன்னைலருந்து கிளாஸுக்கு வரல. ஹாஸ்டல்ல என்னமோ பேசிக்கறாங்க, எனக்குச் சரியாத் தெரியாது. வேற டேப் இருக்கா மேடம், இதே மாதிரி?"

இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்றேன். அவர் போன பிறகு பாத்ரூம் போய் முகம் கழுவினேன். இரண்டு முறை.

தைலம் மறந்துவிட்டேன். அம்மா: "ஏண்டி மூஞ்சி இப்படி இருக்கு? ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொன்னாளா?" ஒன்றுமில்லை என்றேன்.

11-7, வியாழன்

தூக்கம் இல்லை. தம்பி விடியலில் கோயிலுக்குக் கிளம்பும்போது விழித்துத்தான் கிடந்தேன். எழுதிவிட்டால் கொஞ்சம் நிம்மதியாக இருக்குமோ என்று எழுதுகிறேன்.

மாசி மாதம். கூட்டுக்கு ஒவ்வொரு நூலகமும் தன் பங்குக்குப் புதிதாகச் சில பதிவுகள் தர வேண்டும். மற்ற மூன்று பேரும் கொடுத்துவிட்டார்கள். எங்களிடம் ஒன்றும் இல்லை. பாட்டரியில் ஓடும் மிஷினைத் தூக்கிக்கொண்டு நானே கிளம்பினேன். ஆந்திரா எல்லைப் பேச்சு வேண்டும் என்று எளாவூர். செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நிற்கும், டிரைவர்கள் இறங்கி டீ குடிப்பார்கள், தமிழும் தெலுங்கும் கலந்து காதில் விழும்.

அங்கே ரோசம்மா டீக்கடை. ஓலைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. புருஷன் இல்லை. முன்பு நடவு, களை எடுப்பு என்று போனவள், நிலத்துக்காரர் விற்றுவிட்டபின் கடை போட்டிருக்கிறாள். மிஷினை வைக்கும் முன்பே சொல்லிவிட்டாள், "எங்க ஸ்டெல்லா பட்ணத்துல பி.ஏ. படிக்குது". டீ கொடுத்தாள். இன்று ஏகாதசி, எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். அன்று ஏகாதசி இல்லை. அவள் கை டம்ளரில் குடிக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். இதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிரமாதமாகப் பேசினாள். லாரிக்காரன் டீ குடித்துவிட்டு டப்பு கொடுக்காமல் ஓடியது, துரத்திப் பிடித்தது. எனக்கே சிரிப்பு. பிறகு எத்தனை குழந்தைகள் என்று கேட்டேன். ஒரே பெண் என்றாள். பிறகு, "மிஷின நிறுத்தும்மா. இது ஊட்டுப் பேச்சு" என்றாள்.

லாரிப் புழுதிக்காக மிஷின் மேல் துண்டு போட்டிருந்தேன். துண்டுக்குள் கைவிட்டேன். நிறுத்துவதுபோல் ஒரு பட்டனைத் தொட்டேன். நிறுத்தவில்லை.

அவள் பேசியது எனக்கு மனப்பாடம்:

"எம் பொண்ணு காலேஜுல, அவங்கம்மா பொன்னேரி ஆசுபத்திரில நர்சுன்னு சொல்லிக்கீது. நானு தெரியாத்தனமா ஒரு நாளு மீன் கொயம்பு எடுத்துக்கினு போனேன். வாச்சுமேன் 'நர்சம்மா ஊட்லருந்தா வர்றே'ன்னான். சுருக்குனுச்சு. ஆமாங்க, அவங்க ஊட்டு வேலக்காரின்னு சொல்லிட்டு தூக்குச் சட்டிய குடுத்துட்டு வந்துட்டேன். அதுலருந்து மாசா மாசம் அப்டித்தான் போறேன். எனக்கு நானே வேலக்காரி. எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். படிக்கிற புள்ள, மனசு பேஜாராயிடும்."

ஏன் நிறுத்தவில்லை? அரை மணிக்குக் குறைந்தால் கூட்டின் கணக்கில் பதிவாகச் சேராது. அதற்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. இதுவும் நான் எழுதிய விதி. ஆனால் அது மட்டும் காரணம் என்றால் பொய். அன்று கேட்டதிலேயே அதுதான் நல்ல பேச்சு. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. திருட்டு என்றால் இதுதான்.

இன்னொன்று. மூன்று நூலகத்துக்கும் மூன்று பிரதி நான்தான் எடுத்தேன். மூன்று முறையும் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். "மிஷின நிறுத்தும்மா" என்று மூன்று முறையும் சொன்னாள். இரண்டாவது முறை அம்மாவுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன்.

12-7, வெள்ளி

மேகம். தூறல்கூட இல்லை.

சாரிடம் போய் நின்றேன். ஏழாம் நம்பரைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன்.

"ஏன், ஒலி சரியில்லையா?"

"பேசினவங்களுக்குத் தெரியாம பிடிச்ச பகுதி இருக்கு சார். நான்தான் பிடிச்சேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"விதி ஒன்பது என்ன சொல்லுது கமலா?"

கொடுத்ததைக் கொடுத்தவர் திரும்பக் கேட்கக் கூடாது. ஒரு புரொபசர் இன்னொருவரோடு சண்டை போட்டுக்கொண்டு தன் குறிப்புகளையெல்லாம் வாரிக்கொண்டு போனபோது, கோபத்தில் நான் எழுதிச் சேர்த்தது. அன்று எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். போண்டா வாங்கித் தந்தார்கள்.

"இதை ஒண்ணை வாங்கினா நாளைக்கு ஆளாளுக்கு வாங்குவாங்கம்மா. கூட்டே கலைஞ்சிடும். ஒரு வருஷம் நாயா அலைஞ்சோமே. நம்ம பிரதில வேணும்னா அந்த இடத்தை அழிச்சிடுங்க. நான் பார்க்கலை."

அழித்தேன். எங்கள் பிரதியில் இப்போது ரோசம்மா "ஒரே பொண்ணு" என்பதோடு சரி, அப்புறம் வெறும் இரைச்சல். மற்ற மூன்றில் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

13-7, சனி

அரை நாள். மூன்று நூலகத்துக்கும் டிரங்க் கால் போட்டேன், சொந்தச் செலவில்.

முதல் இடம்: கமிட்டியில் வைக்கிறோம். கமிட்டி எப்போது என்றால் தெரியாதாம்.

இரண்டாவது: "யாருங்க, டீக்கடை அம்மாவா? அவங்க இங்க வந்தா கேக்கப் போறாங்க?" சிரித்தார். நானும் மாசி மாதம் இப்படித்தானே நினைத்தேன். இதே வார்த்தைகளில்.

மூன்றாவது: ஸ்பூல் வெளியே போயிருக்கிறது. ஏதோ கல்லூரிக்கு.

அந்த மகளிர் கல்லூரி ஹாஸ்டலுக்கும் போன் செய்தேன். ஸ்டெல்லா ஊருக்குப் போய்விட்டதாம், பெட்டியோடு. வார்டன் மேற்கொண்டு சொல்லவில்லை.

நாளைக்கு எளாவூர் போய்விடுவது என்று தீர்மானம். ரோசம்மாவிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கிழமைல என்னடி ஆபீஸ்? வெள்ளிக்கிழமை அமாவாசை, கோயிலுக்கு வர உறவுக்காரா கூட்டம் ஆத்துல ரொம்பும், அரிசி கிடையாது." அரிசி வாங்கி வைத்தேன். காப்பிப் பொடி, தைலம். குடைக்கம்பி கிடைக்கவில்லை.

14-7, ஞாயிறு

ஊத்துக்கோட்டை வழியாக பஸ். கும்மிடிப்பூண்டியில் மாறி எளாவூர். பஸ்ஸில் இரண்டு பேர் பாக்டரி வரப்போகுது, நிலம் அளக்கிறான் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். வழி முழுக்க மனசுக்குள் ஒத்திகை. அம்மா, நான் தப்பு செய்துவிட்டேன். ரோசம்மா, மன்னிக்கணும். எதுவும் சரியாக வரவில்லை.

ரோசம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "வாம்மா வாம்மா, ரேடியோக்காரம்மா" என்று பெஞ்சைத் துடைத்தாள். முகமெல்லாம் சந்தோஷம். "எங்க ஸ்டெல்லா வந்துகீது, பாரு. காலேஜு லீவு உட்டுட்டாங்களாம். வந்ததுலருந்து என்ன அடுப்பாண்ட உடமாட்டேங்குது. டம்ளர்லாம் அதுதான் கழுவுது."

கொட்டகைக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண். பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனாள். கை கழுவுகிறேன் என்று நானும் பின்னால் போனேன்.

பம்பை அடித்துக்கொண்டே கேட்டாள், "நீங்கதானா அது? டேப்புல கேள்வி கேக்குற குரலு."

ஆமாம் என்றேன். என்னை அறியாமல் அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"அம்மாகிட்ட இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன்மா. அதுக்குத்தான் வந்தேன்" என்றேன்.

"எதுக்கு? உங்க மனசு லேசாவறதுக்கா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"டேப்புல எங்கம்மா பேசறத நாப்பது பேரு கேட்டாங்க மேடம். என் ரூம் பொண்ணுங்க ரெண்டு பேரு என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அவங்ககிட்ட எத்தினி தடவ சொல்லிருப்பேன், எங்கூட்டு வேலக்காரி கொண்டாந்துச்சுன்னு." குடம் நிரம்பி வழிந்தது. அடிப்பதை நிறுத்தவில்லை. "வாச்சுமேன் சொல்ற அடையாளத்துலயே, வந்தது அம்மாதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சாப்ட்டேன். நீங்க சொன்னீங்கன்னா, நான் கேட்டேன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அது எம் மூஞ்சியப் பாக்காது. சொல்லாதீங்க."

"காலேஜுக்குத் திரும்பிப் போறியாம்மா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?"

பரீட்சை முடிக்காமல் விடாதே, வேறு கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன், எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஏதேதோ சொன்னேன். எல்லாக் கல்லூரிக்கும் உங்க டேப்பு போவுமில்ல என்றாள். போகும். போக வேண்டும் என்றுதானே திட்டம்.

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

கடைக்குத் திரும்பினால் ரோசம்மா டீயோடு நிற்கிறாள். "இன்னிக்கி ஏகாதசி இல்லியே?" கிண்டலா, நிஜமாகக் கேட்கிறாளா, கண்டுபிடிக்க முடியவில்லை. நாளைக்குத்தான் என்றேன். வாங்கிக் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள், நன்றாக இருந்தது. நாஷ்டாவும் வைத்தாள், இரண்டு இட்லி, கார சட்னி. சாப்பிட்டேன். ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. ஸ்டெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் கொண்டாரலியா? எங்க ஸ்டெல்லா இங்கிலீசு பேசும், புடிச்சிக்கினு போயேன். எங்குரலு எதுக்கு, சும்மா."

மிஷின் ரிப்பேர் என்றேன்.

ஒரு லாரி வந்து நின்றது. இரண்டு பேருக்கு டீ கொடுத்தாள், சில்லறை வாங்கி டப்பாவில் போட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெண் பின்னால் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவ்வளவாகத் தாழவில்லை.

"அன்னிக்கி உன்னாண்ட ஒன்னு சொன்னேனே. யாராண்டயும் சொல்லலியே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா வந்து என் டம்ளரை எடுத்தாள். எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை.

"அவங்க சொல்ல மாட்டாங்கம்மா" என்றாள். "படிச்சவங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.