வாட்ச் சொன்னதாக நீ சொன்னது

உனக்கு ஒரு பார்சல் வந்தது. வழக்கம்போல என் வீட்டு முகவரிக்கு. உன் பெயருக்குக் கீழே கேர் ஆஃப் என்று என் பெயர். கூரியர்காரர் வண்டியை விட்டு இறங்காமலே நீட்டினார். "சார், இவுக ஃபோன எடுக்கவே மாட்டேங்காக. நீங்களாச்சும் கையெழுத்துப் போடுங்க" என்றார். ஆள் போய்ச் சேர்ந்து இத்தனை மாதம் கழித்துப் பொருள் வந்து சேர்கிறது. எந்த நாட்டுக் கிடங்கிலோ கிடந்து, சுங்கத்தில் கிடந்து, மதுரையில் கிடந்து அருப்புக்கோட்டைக்கு வந்த அந்தச் சின்ன உறையை மேசைமேல் போட்டுவிட்டு உன்னை வாய்விட்டுத் திட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு திட்டியது வேறு.

உன் வீட்டுக்குப் பார்சல் வந்தால் ராஜி பார்த்துவிடுவாள் என்று உனக்குப் பயம். கட்டிய மனைவிக்குப் பயப்படுவது தப்பில்லை. ஆனால் பயந்தவன் வாங்காமல் இருக்க வேண்டும். நீ வாங்குவாய். என் வீட்டில் இறக்குவாய், அட்டைப்பெட்டியை என் குப்பையில் போடுவாய், பொருளை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவாய். அவள் கேட்டால் ஆபீசில் கொடுத்தார்கள் என்பாய். உன் ஆபீஸ் இருந்தது பெங்களூரில். கொரோனாவில் ஊருக்கு வந்த நாம் இருவரும் திரும்பிப் போகவே இல்லை. நீ உன் அம்மா வீட்டு மாடியிலும் நான் திருச்சுழி ரோட்டில் ஒரு வாடகை வீட்டிலும் ஆளுக்கொரு மேசையைப் போட்டுக்கொண்டு யார் யாருக்கோ மென்பொருள் எழுதினோம். அம்மாவிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், மேனேஜரிடம் ஆங்கிலம். மூன்றிலும் சரளமாகப் பொய் சொல்வாய்.

ஒருமுறை கத்திரி வெயிலில், மீட்டிங் நடுவே, பின்னால் என்ன இரைச்சல் என்று மேனேஜர் கேட்டார். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது என்று சொல்லியிருக்கலாம். உங்கள் தெருவில் எல்லா வீட்டிலும்தான் ஓடுகிறது, அதில் என்ன கேவலம்? "நல்ல மழை சார்" என்றாய். அருப்புக்கோட்டையில், மே மாதத்தில். கொடுத்துவைத்த ஊர் என்று அந்த மனிதர் பெருமூச்சு விட்டாராம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பிறகு, வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போன் ஒன்று என் வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பின் கீபோர்டு. ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி, செய்தித்தாளில் பரப்பி, ஓவியம் வரைகிறவன் மாதிரி மெல்லிய தூரிகையால், தட்டும் சத்தம் மென்மையாக வரவேண்டும் என்று, எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாய். "ஏலே, இப்பக் கேளு. தடவாததையும் தட்டுறேன், அதையுங் கேளு" என்று என் காதருகே தட்டிக் காட்டினாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. கேட்கத் தெரியாத ஜென்மம் என்பது மாதிரி என்னைப் பார்த்தாய். ஒரு சார்ஜர் ஒயர் வாங்க வாரக்கணக்கில் விமர்சனம் படிக்கிறவன் நீ. படித்ததை எல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொல்வாய்.

டிரோனை நரிக்குடிப் பக்கம் கண்மாய்க்குள் பறக்கவிடப் போனோமே, அன்றைக்காவது நீ கற்றிருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத கண்மாயில் சீமைக்கருவேல்தான் நிறைந்து நின்றது. மேலே போன டிரோன் நேராக முள்ளுக்குள் போய் விழுந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தொரட்டியைப் போட்டு இழுத்து, "இந்தாங்கய்யா, ஒங்க தட்டான்" என்று கொடுத்தார். ஒரு இறக்கை உடைந்திருந்தது. வழியெல்லாம் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. ராஜியிடம் என்ன சொல்வது என்பதைத்தான் பேசிக்கொண்டு வந்தாய். கடைசியில் அது என்னுடையது என்றும் நான்தான் உடைத்தேன் என்றும் சொன்னாய். அவள் இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நீ போன பிறகு நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உன்னைப் பற்றி ஆளாளுக்கு எழுதினார்கள். எந்தப் பொருள் வாங்கினாலும் உன்னைக் கேட்டுத்தான் வாங்குவோம், உன்னை மாதிரி விஷயம் தெரிந்தவன் இல்லை என்று ஒருவன். நான் எதுவும் எழுதாமல் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன்.

நீ போன அன்று காலை நடந்ததை ராஜி எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள். அவள் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளியில் டீச்சர். பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் நீ நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றாய். இடது தோளும் வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போவோம், லீவு சொல்லிவிடுகிறேன் என்றாள். நீ மணிக்கட்டைத் திருப்பி, நாடித் துடிப்பு காட்டும் உன் வாட்ச்சை ஒரு நொடி பார்த்துவிட்டு, "நார்மல்னு காட்டுது. வாயுதான். நீ பஸ்ஸ விட்டுறாத" என்றாய். அவள் இறங்கித் தெருமுனை வரை போய், மறுபடி ஏறி வந்து கேட்டிருக்கிறாள். "அதான் வாட்ச்சே சொல்லுதுல்ல. போ" என்றாய். அவள் போனாள்.

உன் அறை வாசலில் நீ மாட்டிய சிவப்பு பல்பு ஒன்று உண்டு. மீட்டிங் ஓடும்போது தானாக எரியும். எரிந்தால் யாரும் உள்ளே வரக்கூடாது. உன் அம்மாவுக்கு அதை நீ கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாய். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு மாடியேறி வந்தவர் பல்பைப் பார்த்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். மீட்டிங்கில் இருந்தவர்கள் நீ மியூட்டில் இருப்பதாக நினைத்தார்கள். இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பழி யார்மேல் வந்தது தெரியுமா? உன் அம்மா வந்தவர்களிடம் எல்லாம், "மெசினு சொல்லுச்சுன்னு எம் மயன விட்டுட்டுப் போயிட்டா" என்று சொல்லி அழுதார். படியில் உட்கார்ந்திருந்த தன் துக்கத்தை அவர் வேறு எங்கே கொண்டுபோய் வைப்பார்? ராஜியும் அப்படித்தான் நினைத்தாள். "பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கறவ, ஒரு வாட்ச்ச நம்பிட்டேனே அண்ணே" என்று என்னிடம் சொன்னாள். லீவு முடிந்தும் பள்ளிக்குப் போகவில்லை. ஒருநாள் கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரை போய், அந்த பஸ்ஸைப் பார்த்ததும் திரும்பிவிட்டாள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வேலையும் போனால் அந்த வீட்டில் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் என்ன ஆவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் அந்த உறையைப் பிரித்தேன். உள்ளே ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமான மூடி. நடுவில் கண்ணாடி, ஓரத்தில் வால் மாதிரி மெல்லிய ஒயர். உன்னோடு சேர்ந்து எத்தனை சாமானைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. உன் வாட்ச்சின் பின்பக்க மூடி அது. மணிக்கட்டில் படும் பக்கம். நாடித் துடிப்பைப் படிக்கும் பச்சை விளக்கு இருப்பது அதில்தான்.

டீக்கடையில் நீ பேசியது நினைவுக்கு வந்தது. "வாட்ச்ல பேட்டரி நிக்க மாட்டேங்குது. ஹேர் டிரையர வச்சு சூடு காட்டுனா பின்னாடி மூடி பசை விட்டு வந்துருமாம். வீடியோ பாத்தேன்" என்றாய். "ஏலே, அதத் தொடாத. கடையில குடு" என்றேன். "கடக்காரனுக்கு என்னத்தத் தெரியும்" என்று டீயைக் குடித்தாய். அதோடு பேச்சு முடிந்தது. கைவைக்கவில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

உன் வீட்டுக்குப் போய் வாட்ச்சைக் கேட்டேன். ராஜி பீரோவிலிருந்து எடுத்து வந்தாள். சார்ஜ் போட்டுவிட்டு என் கையில் கட்டினேன். மணி காட்டியது. துடிப்பைக் கேட்டால் இரண்டு சின்னக் கோடுகளைக் காட்டிவிட்டு நின்றது. கழற்றித் திருப்பினேன். பச்சை விளக்கு எரியவில்லை. விளிம்பில் எதையோ விட்டு நெம்பிய கீறலும், அவசரத்தில் ஒட்டிய பசையும் இருந்தன. உள்ளே அந்த ஒயரை அறுத்துவிட்டிருக்கிறாய். அவள் கண்டால் திட்டுவாள் என்று மூடி ஒட்டி, ஒன்றும் நடக்காதவன்போலக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாய், புது மூடி வந்து சேரும்வரை.

"இவன் ஒன்கிட்ட எப்பவாச்சும் ஹேர் டிரையர் கேட்டானா?" என்றேன்.

"கேட்டாக. சட்ட காயலன்னு மாடிக்கு வாங்கிட்டுப் போனாக. அது நடக்குறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால" என்றாள். "ஏண்ணே?"

சொல்லாமல் வந்திருக்கலாம். எல்லாரும் வாட்ச்சைத் திட்டுவார்கள், நீ பாவப்பட்டவனாகப் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பாய். உன் மானத்தைக் காக்க என் வீட்டுக் குப்பைத்தொட்டியே எத்தனையோ தடவை உழைத்திருக்கிறது. இந்தத் தடவை எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. நீ நெஞ்சு வலியோடு நின்றபோது உன் முன்னால் நின்றவள் அவள். அந்த நேரத்தில்கூட உனக்குப் பெரிதாக இருந்தது ஒரு உடைந்த சாமான். அது நல்ல நிலையில் இருந்திருந்தாலும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, எல்லாவற்றையும் படிக்கிற நாயே. படித்திருப்பாய். தெரிந்துதான் சொன்னாய்.

மூடியை அவள் கையில் வைத்து, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. "அப்ப அன்னைக்கு வாட்ச்சுல என்னதான் காட்டுச்சு?" என்றாள்.

"ஒன்னும் காட்டல. காட்டவும் முடியாது."

"நார்மல்னு சொன்னாகளே."

"வாட்ச் சொல்லல ராஜி. அவன் சொன்னான்."

உன் அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "போன பிள்ளையப் பத்தி இதெல்லாம் இப்ப எதுக்குத் தம்பி சொல்றீக?" என்றார். அவருக்கு என்மேல் கோபம். நியாயம்தான். "இவ வேலைய விடப் போறாம்மா. மெசின நம்பிட்டேன்னுதான் விடப் போறா. அதான் சொல்றேன்" என்றேன்.

ராஜி அந்த மூடியை வாட்ச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு உன் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள், குரலை உயர்த்தாமல்: "நான் மெசின நம்பல, அத்தே. ஒங்க மயன நம்புனேன். கட்டுனவர நம்புனது தப்பா?" உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ராஜி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. எனக்கு ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் இப்போது நம்புவதில்லை. போன வாரம் என் அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேண்டாம் வேண்டாம் என்றவரைக் காரில் தள்ளி மதுரைக்குக் கொண்டுபோனேன். எல்லாம் பார்த்துவிட்டு வெறும் சுளுக்கு என்றார்கள். காரியாபட்டி வரும்வரை அப்பா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். இனி ஆயுசுக்கும் இப்படித்தான் இருப்பேன் போலிருக்கிறது.

திங்கட்கிழமை காலை ராஜி ஃபோன் செய்தாள். பஸ் இரைச்சலில் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"அண்ணே, ஏறிட்டேன். திருச்சுழி வரப்போகுது."

"எப்பிடி இருக்க?"

"ஏறுனதுலருந்து அவுகள மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் வாரேன். அழுக வரலண்ணே" என்றாள்.

அவளால் முடிகிறது. அழாமல் உன்னைத் திட்ட எனக்கு இன்னும் வரவில்லை.