மருமகனுக்கு வந்த பூட்ஸ்

வெனோசா,
புனித மார்ட்டின் திருநாள் கழிந்த வாரம்.

என் கூடப்பிறந்த மரால்தோவுக்கு, அக்கா அலோவாரா எழுதிக்கொள்வது. எனக்கு எழுத்து வராது, பாதிரியார் எழுதுகிறார். மலைமேல் குளிர் எப்படி? உன் இருமல் நின்றதா?

மேய்ப்பனிடம் நீ கொடுத்தனுப்பிய பூட்ஸ் வந்தது. சேதியும் சொன்னான். "அக்கா, ஓடையண்ட ஒரு நார்மன்காரனச் சாய்ச்சுட்டேன். செரச்ச பிடரி பளபளன்னு தெரிஞ்சுது, விட்டேன் அம்ப. குதிரச் சத்தம் கேட்டுச்சு, மூஞ்சியக்கூடத் திருப்பிப் பாக்கல. பூட்ஸ லாந்தோவுக்குக் குடு. மருமகனுக்குக் காலு வளந்திருக்கும்ல?" என்றாயாம். செத்தவன் பையிலிருந்த ரொட்டிகூட என் கைப்பக்குவம்தான் என்று சிரித்தாயாம்.

இங்கே ஒலிவம் பறித்தாயிற்று. எண்ணெய் முழுக்கக் கோட்டைக்குப் போய்விட்டது. கோட்டையைப் பிடித்திருக்கும் நார்மன்காரன் தூர்ஸ்தேன், நாசமாய்ப் போகிறவன், என் லாந்தோவைக் குதிரை லாயத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். இவர்களோடு சண்டைபோட நீ மலையேறும்போது பிள்ளைக்கு மீசைகூட முளைக்கவில்லை. இப்போது நம் லொம்பார்டு ஆண்களைப் போல நல்ல தாடி.

"தாடி வெச்ச ஆடெல்லாம் என் குதிரையத் தொடக் கூடாது" என்று தூர்ஸ்தேன் சொன்னானாம். நாலு பேர் அமுக்கிப் பிடித்து, தாடியை மழித்து, பிடரியையும் காதுவரைக்கும் சிரைத்து, நார்மன்காரர்களைப் போலவே ஆக்கிவிட்டார்கள். தூர்ஸ்தேன் தன் பழைய பூட்ஸையும் மாட்டிவிட்டுச் சிரித்தானாம். கிணற்றடிப் பெண்கள் "வாங்க நார்மன் மாப்ளே!" என்று கேலி பேசினார்கள். பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் அழுதான்.

"அம்மா, நான் மாமாகிட்டயே போயிடறேன்" என்றான். நான்தான் சரியென்றேன். உனக்குப் பிடிக்குமே என்று பெருஞ்சீரகம் தூவி ரொட்டி சுட்டுப் பையில் வைத்தேன். பிடரி தெரியாமல் கம்பளித் துணி சுற்றிவிட்டேன். ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது கழற்றியிருக்கிறான். துணி கரையில் மடித்து வைத்தபடியே கிடந்தது.

பூட்ஸ் சரியாகத்தான் இருந்தது, தம்பி. அதை மாட்டித்தான் புதைத்தோம்.

உன்னைப் பார்க்க வரமாட்டேன், நீயும் வராதே. ஆனால் கடவுளிடம் தினமும் உனக்காகத்தான் வேண்டுகிறேன். நோய்நொடி இல்லாமல் இரு. யார் கையிலும் சிக்காதே. நூறு வயசு இரு, தம்பி, சீக்கிரம் செத்துவிடாதே.

இப்படிக்கு,
லாந்தோவின் அம்மா.