தரையிலிருந்து ஒரு முழம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை மிச்சம் பிடிக்காமல் தேய்த்துக்கொள்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பெரிய கட்டடம் ஒன்றுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கிறோம். மேலே போகும் முன் அப்பா கயிற்றைக் கட்டி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கி ஆடிப் பார்ப்பாரே, அதையே நானும் செய்தேன்.

"என்னடா, தொட்டில் கேக்குதா?" என்று மேஸ்திரி கத்தினார். "இதெல்லாம் சொல்லிக்கொடுக்க உங்கப்பன் என்ன பெரிய இன்ஜினியரா?"

"பெயிண்டருங்க" என்றேன். அதற்குள் கயிறு அறுந்து பொத்தென்று விழுந்தேன். பயப்படாதே, ஒரு முழம்தான். உட்காரும்போது மட்டும் கொஞ்சம் வலிக்கிறது.

அதன்பிறகு ஒருத்தனும் மேலே போகவில்லை. புதுக் கயிறு வந்தது. இப்போது எல்லோரும் ஆடிப் பார்த்துத்தான் போகிறோம். நேற்று, "நகருடா" என்று மேஸ்திரியே தொங்கிப் பார்த்தார்.

அப்பாவைக் கயிறு ஒருநாளும் கைவிட்டதில்லை. பெயிண்ட் தூசிதான் அவர் நெஞ்சைத் தின்றது. மாஸ்க் வாங்கித் தராத முதலாளி, மாலையை மட்டும் ஆள் உயரத்துக்கு வாங்கி வந்தார். இங்கேயும் மாஸ்க் கிடையாது. எல்லோரும் சேர்ந்து கேட்கப்போகிறோம்.

அப்பா படம் ஒன்று அனுப்பு. மாலை போட்டது வேண்டாம். உன்னைக் கயிற்றில் உட்கார வைத்து அவர் ஆட்டிவிட, இருவரும் சிரிக்கிறீர்களே, அது. கூட வேலை செய்யும் பசங்க பார்க்க வேண்டுமாம். என் கட்டிலுக்கு மேலே ஆணிகூட அடித்துவிட்டேன்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. கயிற்றில் ஆடிப் பார்க்காமல் மேலே ஏறமாட்டேன், நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் பிள்ளை