கோந்தைத் தனியாக இருக்கப் பழக்கியது

ஜூன் 2

குளிக்கக்கூட விடமாட்டேன் என்கிறது இந்த நாய். குளியலறைக் கதவுக்குக் கீழே இருக்கிற விரற்கடை இடைவெளியில் கறுப்பு மூக்கை நுழைத்துக்கொண்டு ஒரே மோப்பம். சோப்புப் போட்டுக்கொண்டே "இங்கதான்டா இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊளை. ஆள் ஒரு முழம் இல்லை, தொண்டை மட்டும் சங்கு. அதற்குக் கோந்து என்று பெயர் வைத்தது சரியாகத்தான் போயிற்று.

வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்கார அக்கா மாடிப்படியில் மறித்துக்கொண்டார். "நீ போனதுலேர்ந்து வர்ற வரைக்கும் ஒரே ஊளை. எழவு வீடு மாதிரி இருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள அதை அடக்கு. இல்லன்னா நாயை விடு, இல்ல வீட்டை விடு."

நல்ல நியாயம். இரண்டில் எதை விட்டாலும் எனக்கு மிச்சம் என்ன?

ஜூன் 3

என் கணவரிடம் போனில் சொன்னேன். "யாருக்காவது குடுத்துடேன்" என்கிறார். போன வருஷம் மாற்றலாகி வெளியூர் போகும்போது "உனக்குத் துணைக்கு" என்று இதை என் மடியில் போட்டுவிட்டுப் போன புண்ணியவானே இவர்தான்.

ஜூன் 6

நாய் டாக்டரிடம் போனேன். மேஜைமேல் ஏற்றியதும் கோந்து என் கழுத்துக்குள் தலையை விட்டுக்கொண்டது. "என்மேல உயிரையே வெச்சிருக்கு டாக்டர்" என்றேன், பெருமையாக.

"உயிர்லாம் இல்லைங்க, பயம்" என்றார் டாக்டரம்மா. "மடியில வெச்சுக்கன்னே வளர்க்கிற ஜாதி இது. தனியா இருக்கக் கத்துக்கவே இல்லை. சாவியை எடுத்தா நீங்க போயிடுவீங்க, அது மட்டும் அதுக்குத் தெரியும். திரும்பி வருவீங்கங்கறது தெரியாது."

வைத்தியம் இதுதான்: சாவியை எடுக்க வேண்டும், போகக் கூடாது. அப்புறம் வாசல் வரை போய்த் திரும்ப வேண்டும். அப்புறம் கொஞ்சம் தூரம். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, வந்ததும் கொஞ்சக் கூடாது. போகும்முன் கடிக்க ஓர் எலும்பு போட்டுவிட வேண்டும். "அதுக்கே தெரியாத மாதிரி மெதுவா நீட்டிக்கிட்டே போங்க."

முகம் செத்துப்போயிற்று எனக்கு. பாசம் பாசம் என்று ஒரு வருஷமாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே!

ஜூன் 8

தோளில் கைப்பை, இடுப்பில் சாவி, வெங்காயம் நறுக்குகிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். "எங்கயும் இல்லை" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கார அக்கா கேட்கிறார்: "நாய் வாலை நிமிர்த்த முடியுமாடி?"

ஜூன் 13

அவர் வந்தார். ஒரு மாதத்துக்கப்புறம். கோந்து அவர் காலைச் சுற்றி ஒரே ஆட்டம். எனக்குப் புது போன் வாங்கி வந்திருந்தார். போன தடவை மிக்ஸி, அதற்கு முந்திக் கைக்கடிகாரம். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். பஸ் ஏறியபின் போனில் சொன்னார்: சொல்லிக்கொண்டு கிளம்பினால் நான் அழுவேனாம்.

ஜூன் 17

தெருமுனைக் கடை வரை போய் வந்தேன். சத்தமே இல்லை! உள்ளே வந்தால் எலும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சக் கை துறுதுறுத்தது. கொஞ்சவில்லை.

ஜூன் 20

எங்கள் கடையில் பல் செட் செய்கிறோம். ஊரார் வாயெல்லாம் என் மேஜைமேல் திறந்து கிடக்கும், ஒன்றும் பேசாது. அதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது. இன்று ஒரு கீழ்த்தாடையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவர் போன். இந்த மாதம் இன்னொரு தடவை வர முடியாதாம், அடுத்த மாதமும் சந்தேகமாம்.

"சரி" என்றேன்.

"முன்னெல்லாம் இதுக்கு ஒரு பாட்டம் அழுவியே" என்றார். குரலில் நிம்மதி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கக்கேடு.

ஜூன் 24

கதவைச் சாத்திவிட்டு, உள்ளே அழுகிறதா என்று வெளியில் நின்று காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. சந்தோஷமாய் ஒரு படி இறங்கினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

முதலில் வாராவாரம் வந்தார். அப்புறம் பதினைந்து நாளைக்கொரு தடவை. அப்புறம் மாதம். கிளம்பும்போது சொல்லிக்கொள்வதில்லை. வந்தால் தொடுவதுமில்லை. போகும்முன் கடிக்க ஓர் எலும்பு — கடிகாரம், மிக்ஸி, போன். அந்தப் பக்கம் போனில் காதை வைத்துக்கொண்டு, அழறாளா, அடங்கிட்டாளா —

அடப்பாவி மனுஷா! என்னையா? என்னையா பழக்கின?

ஜூன் 25

கேட்டேவிட்டேன். "அங்க யாரு?"

"ஒரேயடியா சொன்னா நீ தாங்கமாட்ட. அதான் கொஞ்சம் கொஞ்சமா..."

அவருடைய ஆபீஸில்தான் வேலையாம் அவளுக்கு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்களாம். இனி இங்கே வரப்போவதில்லையாம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறார். கடைசியாகக் கேட்டாரே ஒரு கேள்வி: "நீ நல்லா இருக்கேல்ல?"

செருப்பால அடிக்கணும். போனை வெச்சுட்டு வாய் விட்டு அழுதேன். கீழ கேட்டிருக்கும். கேக்கட்டும். நாய்தான் ஊளையிடுதுன்னு நினைச்சுக்கட்டும்.

ஜூன் 26

லீவு போட்டேன். சாவியைத் தொடவில்லை.

ஜூன் 30

காலையில் வீட்டுக்கார அக்கா மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார். "நாய் இருக்கா, இல்லையா? சத்தத்தையே காணோம். சரி, நீ பாட்டுக்கு இரு." அந்தமட்டில் வீடு தப்பியது, நாயும் தப்பியது.

மத்தியானம் அவர் மிச்சத் துணிமணியை எடுக்க வந்தார். கோந்து ஓடி வருமென்று வாசலில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றார். அது மெத்தையில் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. நானும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன இதுக்கு, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. பழக்கியாச்சு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பழக்கதோஷம், "போயிட்டு வரேன்" என்றார்.

"சாவியை வெச்சுட்டுப் போங்க" என்றேன்.

அப்புறம் குளிக்கப் போனேன். கதவுக்குக் கீழே பார்த்துக்கொண்டே சோப்புப் போட்டேன். மூக்கு வரவில்லை. "இங்கதான்டா இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தேன். கூடத்தில் அதன் குறட்டை கேட்டது. எழுந்து தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குளித்தேன்.