மூன்றாம் தடவை அவன் கூப்பிட்டபோது

1987 ஆகஸ்ட் 8, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். தியேட்டருக்குள் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். விளக்கு அணைகிற நேரம் பின்வரிசையில் யாரோ தவறவிட்ட ஒரு ஜாஃபா, அந்தச் செம்மஞ்சள் சொக்கலேட் உருண்டை, பலகைத் தரையில் கடகடவென்று உருண்டு வந்து என் சப்பாத்தில் முட்டி நின்றது.

மச்சான், நீ பக்கத்தில் இருந்திருந்தால் பழைய பகிடியைத்தான் விட்டிருப்பாய். "பார், யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் உருண்டு வாறான். பிடிச்சு இருத்து." மன்னாரில் பிறந்த உனக்கு, யாழ்ப்பாணத்தானான என்னைச் சீண்ட, 'ஜாஃப்னா' போல ஒலிக்கிற அந்த இனிப்பின் பெயர் ஆக்லாந்து இலவசமாகத் தந்த ஆயுதம். எந்தப் படத்துக்குப் போனாலும் அதே பகிடி. ஒருநாளும் நான் சிரித்ததில்லை. இன்றைக்கு அந்த உருண்டையை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன். படம் முடிகிறபோது உள்ளங்கை முழுக்கச் செம்மஞ்சள்.

நான் பொழுது போக்க வரவில்லை. திங்கட்கிழமை வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்: த்ரீ கிங்ஸில் நாங்கள் இருந்த வீட்டை வைத்திருக்கிறேனா, விடுகிறேனா. வீட்டில் இருந்து யோசித்தால் டெலிபோனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பேப்பரில் பார்த்தால், முன்பு நாங்கள் இருவரும் பார்த்த அதே படம், சின்னத் தியேட்டரில், பழைய படங்களுக்கான விலையில் ஓடுகிறது. கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்கு அந்த டெலிபோனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது அதைப் பற்றிக் கதைக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் தம்பி மன்னாரிலிருந்து கடைசியாக டெலிபோன் எடுத்தபோது, நாளைக்கு இராமேஸ்வரத்துக்குப் படகு ஏறுகிறேன் என்றான். நீ அவனை எங்கள் நம்பரை மூன்று தரம் சொல்ல வைத்தாய். பேப்பரில் எழுதினால் நனைந்துவிடும், மனதில் வை என்றாய். மூன்று தரமும் அவன் பிழையில்லாமல் சொன்னான். நான் பக்கத்தில் நின்று உன் முகத்தில் அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. இந்தியாவிலுள்ள அகதி முகாம்களுக்கு எழுதினாய். அங்கிருந்த பாதர்மாருக்கு எழுதினாய். அந்தப் பெயரில் யாரும் பதியவில்லை என்று பதில் வந்தது. வரவில்லை என்று யாரும் சொல்லவுமில்லை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, உனக்கு அவன், அவனுக்கு நீ. நடுவில் அந்த நம்பர்.

தலைமன்னார் இறங்குதுறையில் வயர்லெஸ் அறையில் வேலை செய்தவன் நீ. ஆக்லாந்தில் டாக்சிக் கம்பனியின் ரேடியோ அறையில், டிரைவர்மாரோடு பேசுகிற கதிரையில் உட்கார்ந்தாய். அந்த ரேடியோக்களைத் திருத்துகிறவன் நான். உன்னைப் பற்றி டிரைவர்மார் என்னிடம் பகிடி பண்ணுவார்கள்: இவன் தும்மினாலும் பதில் சொல்கிறவன். ஒருவன் சும்மா பொத்தானை அழுத்திப் பார்த்தால்கூட, "கேட்குது, சொல்லுங்கோ" என்பாய். அலைவரிசையை வீணாக்காதே என்று நான் கத்தினேன். நீ சொன்னாய்: "அவன் அழுத்திப் பாக்கிறது செட் வேலை செய்யுதா எண்டு இல்லை மச்சான். ஆள் இருக்கா எண்டு."

அப்படிப்பட்டவன் வீட்டு டெலிபோனை விடுவானா? வேலையிடத்தில் உடன் வேலை பார்த்த பெண்ணோடு நான் ஒரு மணித்தியாலம் கதைக்கலாமென்று இருந்தால், இரண்டாவது நிமிடமே வந்து நிற்பாய். மணிக்கூட்டைப் பார்ப்பாய். அந்தப் பெண் இப்போது வேறு ஒருவனைக் கட்டி ஹில்ஸ்பரோவில் இருக்கிறாள். அது உன்னால் அல்ல, என் வாயால், ஆனாலும் உன் கணக்கில்தான் எழுதியிருந்தேன். குளிக்கும்போது கேட்காது என்று நீண்ட வயர் போடச் சொன்னாய். கொடியில் உடுப்புப் போடும்போது கேட்காது என்று பின்வளவில் தனியாக ஒரு மணி வைக்கச் சொன்னாய். மழைக்குள் ஏணியில் நின்று திட்டித் திட்டி அந்த மணியைப் பூட்டினேன். நீ கீழே குடை பிடித்தாய். குடை எனக்கல்ல, மணிக்கு.

வெள்ளிக்கிழமை பின்னேரங்கள் நினைவிருக்கிறதா? எங்கள் நம்பருக்கும் அந்த மீன் பொரியல் கடை நம்பருக்கும் ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஆறு மணியிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தரமும் நீ ஓடுவாய். ஒவ்வொரு தரமும் இரண்டு மீன், ஒரு பொட்டலம் சிப்ஸ். உன் தோள் இறங்குவதை நான் சமையலறையிலிருந்து பார்ப்பேன். நான் எடுத்தால் கெட்ட வார்த்தையில் முடியும். நீ சரியான நம்பரைச் சொல்லி, எழுதிக்கொண்டார்களா என்று கேட்டு, பிறகுதான் வைப்பாய்.

படத்துக்கு வருகிறேன்.

அதை நாங்கள் முதலில் பார்த்தது 1985இல், குவீன் ஸ்ட்ரீட்டில், அந்தப் பெரிய திரையில். தம்பியின் சத்தம் நின்று ஆறேழு மாதம். நீ வீட்டைவிட்டு வரவே மாட்டேன் என்றாய். பக்கத்து வீட்டுக்காரியை டெலிபோனுக்குப் பக்கத்தில் இருத்தி, தம்பி எடுத்தால் சொல்ல 'வருவான்' என்ற ஒரு தமிழ்ச் சொல்லை அவளுக்குப் பாடமாக்கி விட்டுத்தான் வந்தாய்.

கதை ஒன்றும் பெரிதில்லை. விண்கப்பல் வெடிக்கிறது, ஒருவன் மட்டும் தப்புகிறான், சனிக்கிரகத்தின் வளையங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கூண்டுக்குள் மிதக்கிறான். மூச்சுக்காற்று குறைகிறது. ஆனால் அந்தக் காட்சிகளை என்ன சொல்ல. பனித்துண்டுகள் கோடிக்கணக்கில் வெயில் பட்டு மின்னியபடி திரையை விட்டு எங்கள் மடியில் விழுவதுபோல வந்தன. முழுத் தியேட்டரும் ஒரே மூச்சாக இழுத்தது. எனக்கு முன்னால் இருந்த கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார், கோயிலில் போல. கூண்டு சுழலத் தொடங்கியதும் ஒரு பெண் கண்ணைப் பொத்திக்கொண்டு, என்ன நடக்குது, என்ன நடக்குது என்று புருஷனைக் கேட்டாள். அவனும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான்.

நான் மட்டும் அப்படி இல்லை. வெற்றிடத்தில் எப்படி வெடிச் சத்தம் கேட்கும்? அந்தக் கூண்டு அந்த வேகத்தில் சுற்றினால் உள்ளே இருக்கிறவன் மயங்கியிருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு எரிச்சல். உன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "அவனுக்கு மூச்சு முட்டுது. நீ வாயை மூடினால் அந்தக் காத்தாவது அவனுக்கு மிச்சம்." எங்களுக்குப் பின்னால் ஒரு சமோவாத் தீவுக் குடும்பம், பிள்ளை குட்டிகளோடு ஒரு வரிசை முழுக்க. தமிழ் தெரிந்தவர்கள்போல அவர்கள் சிரித்தார்கள்.

பிறகு அந்த இடம். அவன் ரேடியோவை எடுக்கிறான். யாராவது கேட்கிறீர்களா என்கிறான். இரைச்சல் மட்டும். தியேட்டர் இருட்டும் அமைதியுமாக இருக்கிறது. நீ நிமிர்ந்து உட்கார்ந்து, வேலையில் சொல்கிற அதே குரலில், சத்தமாகச் சொன்னாய்.

"ஓம், கேக்குது. கதை."

சில பேர் சிரித்தார்கள். நான் சீட்டுக்குள் சறுக்கினேன். பின்னாலிருந்த அம்மா குனிந்து, என்ன சொன்னாய் மகனே என்று இங்கிலிஷில் கேட்டாள். நீ வெட்கமே இல்லாமல் மொழிபெயர்த்தாய். அவள், சரிதானே, என்பதுபோல முதுகை நிமிர்த்தினாள். அவன் இரண்டாம் தரம் கூப்பிட்டபோது நீயும் அவளும் பதில் சொன்னீர்கள், நீ தமிழில், அவள் தன் மொழியில். அவளின் பிள்ளைகளுக்கு அது போதும். மூன்றாம் தடவை அவன் கூப்பிட்டபோது பின்வரிசை முழுக்க, பிறகு பக்கத்து வரிசை, பிறகு பல்கனி, யார் யாரோ, எந்த எந்த மொழியிலோ. தொப்பிக் கிழவர்கூட ஏதோ சொன்னார். டோர்ச் லைட்டோடு ஓடி வந்த பையன் யாரைப் பிடிப்பதென்று தெரியாமல் கூரைக்கு வெளிச்சம் அடித்தான்.

அந்தச் சத்தத்தில் அவன் அதற்குப் பிறகு என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. வெளியில் வந்ததும், காசு கொடுத்துப் பார்த்த படத்தில் வசனம் போச்சு என்று நான் புறுபுறுத்தேன். நீ பொதுத் தொலைபேசியைத் தேடிக்கொண்டிருந்தாய், பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்க. ஒரு அழைப்பும் வரவில்லை என்றாள். மீன் கேட்டுக்கூட ஒருவரும் இல்லை.

இந்த ஏப்ரலில், பஸ் தரிப்பில், உன் தலைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்தது. டாக்டர் எனக்கு விளக்கினார். நான் கேட்ட கேள்விகளுக்கு அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பொறிமுறை எனக்கு விளங்கியது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. உன் அடக்கப் பூசைக்கு டாக்சி டிரைவர்மார் நிறையப் பேர் வந்தார்கள். வெளியே வரிசையாக நின்ற கார்களில் ரேடியோ திறந்திருந்தது. உன் கதிரையில் புதிதாக வந்தவள் யாருக்கோ பதில் சொல்லாமல் விட்டாள்; ஒரு டிரைவர் என்னைப் பார்த்தான்.

உன் தம்பிக்கு இது தெரியாது. உயிரோடு இருந்தால், தெரியாது.

ஹென்டர்சனில் என் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. இப்போது இரண்டு பஸ், போக வர நாளில் மூன்று மணித்தியாலம் வீண். வாடகையை இரண்டு பேராகக் கட்டிய வீட்டில் ஒருவன் இருப்பதும் கணக்குக்கு ஒவ்வாது. எல்லாம் சரி. நம்பரைக் கொண்டுபோகலாமா என்று விசாரித்தேன். முடியாதாம். நம்பர் அந்தப் பகுதி எக்ஸ்சேஞ்சுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. இதை நான் கேட்டிருக்கவே தேவையில்லை, எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் கேட்டேன்.

இன்றைக்குப் படம் அதேபோல ஓடியது. திரை சின்னது, பனித்துண்டுகள் மடியில் விழவில்லை. ஒரு சோடி ஓரத்தில் இருந்து முத்தமிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெடியன் சுழல்கிற காட்சியில் கொட்டாவி விட்டான். வெடிச் சத்தம் வந்தபோது, வெற்றிடத்தில் சத்தம் வராது என்று வலப்பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டேன். வலப்பக்கக் கதிரையில் என் கோட்டு இருந்தது.

அவன் ரேடியோவை எடுத்தான். யாராவது கேட்கிறீர்களா. உன் பதில் எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பதினொரு பேரில் ஒருத்தரும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. ஒரு சீட்டு கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

அந்த அமைதியில்தான், இரண்டு வருசத்துக்கு முன்னால் கேட்காமல் போன வசனம் கேட்டது. நான் ஏதோ பெரிய பேச்சு என்று நினைத்திருந்தேன். இல்லை மச்சான். அவன் காப்பாற்று என்று கெஞ்சவில்லை, அழவில்லை. மீட்டர்களை வாசிக்கிறான். வெப்பம் இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு, காற்று இவ்வளவு. நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, அந்தப் பக்கம் ஒருவன் இருந்து எழுதிக்கொள்கிறான் என்பதுபோல.

அந்த இடைவெளிகள் சரியான அளவு. இந்தப் படத்தை எடுத்தவர்கள் பிழைவிடாத ஒரே தொழில்நுட்ப விஷயம் அதுதான். எழுதுகிறவனுக்கு அவ்வளவு நேரம்தான் வேண்டும். உனக்கும் தெரியும்.

விளக்குப் போட்ட பிறகும் நான் எழும்பவில்லை. துப்புரவு செய்ய வந்த மனிசி, உனக்கு இங்கே இன்னும் ஏதும் வேலை இருக்குதா என்று கேட்டாள். இருக்குது என்றேன்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். இனி செய்ய வேண்டியவை:

1. திங்கள் காலை வீட்டுக்காரரிடம் போய், வீட்டை விடவில்லை என்று சொல்வது. அவர் காரணம் கேட்டால், டெலிபோன் என்று சொல்வது. விளங்காவிட்டால் விடு.

2. ஹென்டர்சன் அறைக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்வது. பஸ்சைத் திட்டுவதை நிறுத்தப் போவதில்லை.

3. உன் அறையை வாடகைக்கு விடுவது. வருகிறவன் யாராக இருந்தாலும், டெலிபோனில் இரண்டு நிமிடம். அதற்கு மேல் கதைத்தால் நான் வந்து நிற்பேன்.

4. பின்வளவு மணியின் வயரை மாற்றுவது. ஈரத்துக்குச் செம்பு பச்சை பிடித்துப்போய்க் கிடக்கிறது, பாதி நேரம் அடிப்பதில்லை.

5. வெள்ளிக்கிழமைகளில் மீன் கேட்கிறவர்களுக்குச் சரியான நம்பரைச் சொல்வது. எழுதிக்கொண்டார்களா என்று கேட்பது.

6. உன் தம்பி எடுத்தால், உன்னைத்தான் கேட்பான். எனக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது, எடுத்தவுடன் போட்டு உடைத்துவிடுவேன் என்று உனக்குப் பயம் இருக்கும். உடைக்க மாட்டேன். அவன் எங்கே நிற்கிறான், சாப்பிட்டானா, காலில் செருப்பு இருக்கிறதா, எல்லாவற்றையும் அவன் சொல்லி முடிக்கட்டும். நான் எழுதிக்கொள்கிறேன். உன் விஷயம் அதற்குப் பிறகு. முதலில், வேறு எதற்கும் முதலில்: ஓம், கேக்குது. கதை.